நர்சரியில் கிடைக்கும் செடிக்கு இரண்டு லட்சம் டாலரா?

தக்கலைப் பக்கம் சின்னதாக நர்சரி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சான் ஃபிரான்சிஸ்கோவில் ரோட்டோரம் நின்ற ஒரே ஒரு புதரை இடம் மாற்ற 2 லட்சம் டாலர் செலவழித்தார்களாம். அதே செடியை அங்கே நர்சரியில் தொட்டியில் வைத்து விற்கிறார்களாம். அப்படியென்றால் அது எப்படி அழியும் செடி? வெட்டிச் செலவுதானே? அந்தச் செடி நம் மாவட்டத்தில் வருமா? அதன் குடும்பத்துச் செடி ஏதாவது இங்கே உண்டா?"

தம்பி, நல்ல கேள்வி. கன்று வளர்த்து விற்பவருக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மாணவர்களும் இதையே வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செடி. அதன் பெயர் ஃபிரான்சிஸ்கன் மன்சனிட்டா. மன்சனிட்டா என்றால் ஸ்பானிஷ் மொழியில் குட்டி ஆப்பிள்; காய் அப்படித்தான் இருக்கும், சுண்டைக்காய் அளவுக்கு. ரோடோடென்ட்ரான், ப்ளூபெரி எல்லாம் சேர்ந்த எரிகேசி குடும்பம். ஓங்கி வளரும் செடி இல்லை. முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். பாறைமேல் பாய் விரித்ததுபோல் படரும். தண்டைப் பார்த்தால் உங்களுக்குக் கொய்யாமரம் ஞாபகம் வரும். அதே வழவழப்பு, அதேபோல் தோல் தோலாக உரியும் பட்டை. நிறம் மட்டும் ஆழ்ந்த சிவப்பு.

பூதான் அழகு. வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய சின்னக் குடங்களைக் கொத்துக்கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கவிட்டதுபோல் இருக்கும். குடத்தின் வாய் மிகச் சிறியது. உள்ளே மகரந்தப் பையின் நுனியில் ஊசித்துளை போல ஓட்டை. அதிலிருந்து மகரந்தம் தானாகக் கொட்டாது. வண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்க வேண்டும். இதைப் பார்க்க நீங்கள் கலிபோர்னியா போக வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குக் கத்தரிப் பாத்தியில் போய் உட்காருங்கள். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடிக்கும்; பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று மாறி, மெல்லிய 'ஸ்ஸ்ங்' என்று கூர்மையாகும். அடுத்த நொடி வண்டின் வயிற்றில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். நம் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. மன்சனிட்டாவுக்கும் இதே ஏற்பாடுதான். செடி இருந்தால் மட்டும் போதாது, அதை அதிரவைக்கத் தெரிந்த வண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தச் செடி உலகத்தில் ஒரே ஒரு ஊரின் செடி. சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள் சில மேடுகளில் மட்டும் பாம்புக்கல் என்று சொல்லத்தக்க, பச்சை மினுமினுப்புள்ள ஒரு பாறை வெளியே தெரியும். அது அரைந்து வரும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து குறைவு, மெக்னீசியம் மிக அதிகம், நிக்கல் குரோமியம் வேறு. பயிருக்கு ஆகாத மண். அதில் நின்று, மேலே கடல்மூட்டத்தைக் குடித்து வளர்ந்த செடி இது. ஆலிஸ் ஈஸ்ட்வுட் என்ற அம்மையார் 1905இல் இதற்குப் பெயர் வைத்தார். அடுத்த வருடமே, 1906 ஏப்ரலில், அந்த ஊரைப் பூகம்பமும் தீயும் தின்றன. அவர் வேலை பார்த்த அறிவியல் கழகக் கட்டடத்தில் படிக்கட்டுகள் இடிந்து கிடந்தன. கம்பியைப் பிடித்து ஆறாம் மாடிக்கு ஏறி, ஏறத்தாழ 1,500 மூலமாதிரித் தாவரங்களைத் தீ வருவதற்குள் மீட்டு வந்தார். ஒரு செடிக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாக வைக்கும் முதல் உலர்மாதிரிதான் மூலமாதிரி. என் வகுப்பில் உலர்செடி ஒட்டிய தாளை அலட்சியமாகத் தூக்கிப்போடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, நகரம் வளர வளரச் செடி எங்கே ஒதுங்கியது தெரியுமா? கல்லறைத் தோட்டங்களில். லாரல் ஹில், மேசானிக் என்ற பழைய கல்லறைத் தோட்டங்கள்தான் அதற்குக் கடைசிப் புகலிடமாக இருந்தன. மவுண்ட் டேவிட்சன் குன்றிலும் கொஞ்சம். யாரும் உழவில்லை, வீடு கட்டவில்லை, அதனால் தப்பியது. நம்மூரில் காவு என்று விட்டுவைத்த இடங்களை நினைத்துப் பாருங்கள். சாஸ்தா இருக்கிறார், இசக்கி இருக்கிறாள் என்று கத்தி வைக்காத அரை ஏக்கரில்தான் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத கொடியும் மரமும் நிற்கும். சுற்றி எல்லாம் ரப்பர். நடுவில் அந்த ஒரு துண்டு மட்டும் இருட்டாக இருக்கும்.

ஆனால் நிலத்துக்கு விலை ஏறியபின் செத்தவர்களுக்கும் அந்த ஊரில் இடம் இல்லாமல் போயிற்று. உடல்களைத் தோண்டி எடுத்துப் பக்கத்திலுள்ள கோல்மா என்ற ஊருக்கு மாற்றினார்கள். லாரல் ஹில்லில் புல்டோசர் இறங்கியது. 1947உடன் காட்டில் இந்தச் செடியின் கணக்கு முடிந்தது என்றே எழுதினார்கள். அதற்குமுன் ஜேம்ஸ் ரூஃப் என்ற தோட்டக்காரர் சாக்குப்பையோடு போய், அங்கிருந்து சில செடிகளை எடுத்துப் பெர்க்லி மலைமேல் இருக்கும் டில்டன் பூங்காவின் தாவரத் தோட்டத்தில் நட்டார். அந்தச் செடிகளும் அதுபோல் தோட்டங்களுக்குப் போன சிலவும்தான் பிற்பாடு நர்சரிகளில் பெருகின. நீங்கள் கேள்விப்பட்ட தொட்டிச் செடி அந்த வம்சம்.

அறுபத்திரண்டு வருடம் கழித்து, 2009 அக்டோபரில், டேனியல் க்ளூசென்காம்ப் என்ற தாவரவியலாளர் ஒரு மாநாடு முடிந்து காரில் திரும்புகிறார். கோல்டன் கேட் பாலத்துக்குப் போகும் டாயில் டிரைவ் சாலை. பழைய சாலையை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைக்காக, ஓரத்தில் மண்டிக் கிடந்த மரம் புதரையெல்லாம் அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டவெளியில், சாலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு துண்டு நிலத்தில், படர்ந்து கிடந்த ஒரு புதர் ஓடும் காரிலிருந்தே அவர் கண்ணில் பட்டது. ஒரே ஒரு புதர். பிற்பாடு மற்ற வல்லுநர்களும் பார்த்து உறுதி செய்தார்கள்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் போன பாதை அது. செடி எங்கும் ஒளிந்து கிடக்கவில்லை, அதைப் பெயரோடு தெரிந்த ஒரு கண் வரும்வரை நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் நின்ற இடம் புதுச்சாலை வரும் இடம். சாலையை நகர்த்த முடியாது, அதனால் செடியை நகர்த்தினார்கள். 2010 ஜனவரி 23ஆம் தேதி வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, கிரேன் வைத்துத் தூக்கி, அந்தச் சாலை ஓடும் பிரெசிடியோ பூங்காவுக்குள்ளேயே வேறோர் இடத்தில் இறக்கினார்கள். வேர்மண் மட்டும் ஏறத்தாழ பத்து டன். இடம் எது என்று வெளியில் சொல்லவில்லை; ஆள் போய் மிதிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது. 2012இல் அரசு அழியும் நிலைச் செடி என்று பட்டியலில் சேர்த்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நர்சரியில் இருக்கும்போது காட்டுச் செடி எதற்கு?

உங்கள் தொழிலிலிருந்தே பேசுவோம். ரப்பர் நூற்றைந்து கன்று ஒட்டுகிறீர்கள். கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அந்த ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகத்தில் பத்தாயிரம் கன்று வைத்தாலும், உள்ளே இருப்பது ஒரே மரம்தான். எண்ணிக்கை பத்தாயிரம், வகை ஒன்று. இன்னும் பின்னால் போனால், 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த 70,000 விதையில் முளைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் கன்றுகள்தான் ஆசியாவின் ரப்பருக்குப் பெரும்பாலும் மூதாதை. ஒரு நோய் வந்தால் எதிர்த்து நிற்கும் குணம் தேடி மறுபடி அமேசான் காட்டுக்குத்தான் போக வேண்டும். மட்டி வாழையும் அப்படித்தான். பக்கக்கன்று எடுத்து எத்தனை விளையில் வைத்தாலும் தாய் மாறாது. மன்சனிட்டாவைத் தோட்டத்தில் பெருக்கியது போத்து வெட்டி நட்டும் பதியம் போட்டும்தான். அதாவது லாரல் ஹில்லிலிருந்து வந்த ஒரு கைப்பிடிச் செடிகளின் நகல்கள். சாலையோரம் கிடைத்தது அந்த நகல்களில் சேராத வேறொரு செடி. தொலைந்துபோன குடும்பத்தில் ஒரு புது உறவு கிடைத்த மாதிரி. இதற்கு இன்னொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் நல்ல விதை பிடிக்கும் என்பதால், அந்த உறவின் அருமை இன்னும் கூடுகிறது.

தோட்டத்திலேயே விதை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். தாவரத் தோட்டங்களில் பத்துப் பதினைந்து வகை மன்சனிட்டா பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வண்டு வகை பார்த்தா போகிறது? கலந்துவிடும். அந்த விதையில் முளைப்பது அசலா கலப்பா என்பது சந்தேகம். உங்கள் நர்சரியில் நாட்டுப் பப்பாளி விதை எடுத்து வளர்த்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

அடுத்தது, விதை முளைக்கும் விதம். ஓடு கல்போல இருக்கும். காட்டுத்தீ ஓடி, அந்தச் சூடும் புகையும் கரியும் மண்ணில் இறங்கியபின்தான் முளைக்கும். நகரத்துக்கு நடுவில் யார் தீ வைக்க விடுவார்கள்? அதனால் தாய் இருந்தும் பிள்ளை இல்லாத நிலை. வேரிலும் ஒரு கூட்டாளி உண்டு. நுண்வேரின் தோலுக்குள்ளேயே ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து, அந்தச் சத்துக்கெட்ட மண்ணிலிருந்து கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தைச் செடிக்கு ஊட்டுகிறது. பத்து டன் மண்ணைச் சேர்த்துத் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணை உதறிவிட்டுச் செடியை மட்டும் எடுத்தால் கூட்டாளியைக் கைவிட்ட மாதிரி.

நர்சரிக்காரர் என்பதால் இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நல்லமிளகுக் கொடி மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் கறுத்து வாடிச் சாகிறதே, தென்னையில் குருத்து அழுகிக் கையோடு வருகிறதே, இரண்டுக்கும் காரணம் பைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர். துரிசும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிப்பது இதற்குத்தான். கலிபோர்னியாவில் மன்சனிட்டாக்களின் பெரிய எதிரியும் இதே பைட்டோஃப்தோரா கூட்டம், இனம் மட்டும் வேறு. கொடுமை என்னவென்றால், காட்டை மீட்கிறோம் என்று நர்சரியிலிருந்து கொண்டுபோய் நட்ட கன்றுகளின் தொட்டி மண்ணோடேயே சில இடங்களில் அது காட்டுக்குள் போயிருக்கிறது. நல்லது செய்யப் போன கையிலேயே நோய். அதன்பிறகுதான் தொட்டியைத் தரையில் வைக்காமல் மேடை போட்டு வைப்பது, தொட்டியில் நிரப்பும் மண்கலவையைச் சூடாக்கிச் சுத்தம் செய்வது, காட்டுக்குள் போகுமுன் செருப்பு மண்ணைத் துடைப்பது என்று வழக்கங்கள் கடுமையாயின. நீங்கள் உங்கள் மிளகுக் கன்றுகளுக்கு இதைச் செய்தாலே பாதிச் சாவு குறையும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பணத்தைப் பற்றி. ஏறத்தாழ 2 லட்சம் டாலர் என்பது ஒரு நாள் கிரேன் கூலி இல்லை. பெயர்த்து நட்டதோடு, அடுத்துவரும் ஆண்டுகளில் பார்த்துக்கொள்வதற்கும் கண்காணிப்பதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்தச் சாலைத் திட்டமே ஏறத்தாழ நூறு கோடி டாலர். அப்படிப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாய் வேலையில் இரண்டு ரூபாய். வீடு கட்டும்போது கிணற்றடி மாமரத்தைக் காப்பாற்ற அதைவிட அதிகம் செலவழித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வெட்டிச் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சானல் போகிறது. கரையில் செங்காந்தள் நிறைய இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்போது கரையே தீப்பிடித்த மாதிரி இருக்கும். ஒரு வருடம் தூர்வார வந்த இயந்திரம் இரண்டு பக்கமும் கரையை வழித்துவிட்டுப் போனது. முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழங்கைத் தோண்டி எடுத்திருப்பேன். மண்குவியலில் தேடி ஆறு கிழங்கு கிடைத்தது, நாலு பிழைத்தது. இன்றும் என் தொட்டியில் பூக்கிறது. செங்காந்தள் அரிய செடி இல்லை, வேறு கரைகளில் இருக்கிறது, அது ஆறுதல். ஆனால் அந்தக் கரைக்கு அது திரும்பி வரவில்லை. அதைத் தேடி வந்த பட்டாம்பூச்சிகளும் இப்போது வருவதில்லை. தொட்டியில் உயிரோடு இருப்பதற்கும் இடத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த நாலு கிழங்கில் கற்றுக்கொண்டேன்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் போதும். மன்சனிட்டா நம் மாவட்டத்தில் வராது. அது குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்யும், கோடையில் ஈரமில்லாமல் மூட்டம் மட்டும் இருக்கும் ஊரின் செடி. இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறி நனைக்கின்றன. வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வேர் அழுகிவிடும். வெளிநாட்டிலிருந்து மண்ணோடு செடி வரவழைக்கும் எண்ணமே வேண்டாம், முன்பு சொன்ன நோய்க் காரணம்தான். அந்தக் குடும்பத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போங்கள். சோலை ஓரங்களில் காட்டுப்பூவரசு என்று சொல்லும் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்து நிற்கும். இமயமலை ரோடோடென்ட்ரானின் தெற்கத்திச் சொந்தம் அது.

நம் பக்கத்தில் மன்சனிட்டா மாதிரிக் கதை வேண்டுமென்றால் வேறு குடும்பத்தில் இருக்கிறது. நாவல் குடும்பத்தைச் சேர்ந்த யூஜீனியா சிங்கம்பட்டியானா. அந்த மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் காட்டுக்கொரண்டி என்பார்கள். பெடோம் என்ற வனத்துறை அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கம்பட்டி மலையின் பெயரால் அழைத்த செடி. நீண்ட காலம் யார் கண்ணிலும் படாமல், அழிந்திருக்கலாம் என்று எண்ணப்பட்டு, பிறகு அகத்தியமலைத் தொடரிலேயே மறுபடி கண்டெடுக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. மேல் கோதையாறு போகும்போது நாம் அண்ணாந்து பார்க்கிறோமே, அந்த மலைத்தொடர்தான். தாவரவியலாளர்கள் காணவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த செடிக்கு, காணிக்காரர்களிடம் சொந்தப் பெயர் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் மலைப்பக்கம் போகும்போது தெரியாத செடி ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். சரணாலயத்துக்குள் அது குற்றமும்கூட. போன் இருக்கிறது, படம் எடுங்கள். பூவை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடிவதில்லை. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் இடம், காய் இருந்தால் காய், பக்கத்தில் உங்கள் விரலை வைத்து ஒரு படம். நாகர்கோவில் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளில் காட்டுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகமும், இந்தப் பக்கம் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் இருக்கின்றன. இடத்தைச் சரியாக அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இடம் போட்டால் மறுவாரம் செடி இருக்காது.

உங்கள் நர்சரிக்கு ஒன்றே ஒன்று. நாட்டுச் செடி எதை வளர்த்தாலும் தாய்ச்செடி எந்த ஊர், யாருடைய விளை, எந்த மாதம் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தொட்டியிலும் ஒரு சீட்டு, மழையில் அழியாத பென்சிலால். ரூஃப் சாக்கில் கொண்டுபோன செடிகளின் வம்சத்தை இன்றைக்கும் பிரெசிடியோவில் அந்தச் சாலையோரச் செடிக்குத் துணையாக நட முடிகிறதென்றால், எது லாரல் ஹில்லிலிருந்து வந்தது என்ற விவரம் இத்தனை வருடமும் செடியோடேயே வந்ததால்தான்.